வேறு கம்பெனி பேட்டரி: ஒரு பழைய வழக்கத்தின் வரலாறு

வன்னியம்பட்டியைச் சுற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிறவரின் பையில் நாலைந்து பேட்டரிகளாவது இருக்கும். மாலையில் பெண் அழைப்பும் வரவேற்பும் முடிந்து எல்லோரும் படுக்கவே நள்ளிரவாகிவிடும்; விடிவதற்குள் முகூர்த்த வேலை தொடங்கிவிடும். நடுவே சார்ஜ் போடக் கிடைக்கும் நேரம் சொற்பம். ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டம் என்றால் அந்த நேரமும் கிடையாது. அந்த நாலைந்து பேட்டரிகளில் ஒன்று கேமராவோடு வந்ததாக இருக்கும். மற்றவை பெரும்பாலும் வேறு கம்பெனியின் பெயர் போட்டவை, பாதிக்கும் குறைவான விலையில் வாங்கியவை. இவற்றைப் பற்றித் தொழில் செய்வோரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரிஜினலைத் தவிர எதைப் போட்டாலும் கேமராவுக்குக் கேடு என்பது ஒரு கட்சி. உள்ளே இருப்பதெல்லாம் ஒரே சரக்குதான், கூடுதல் விலை பெயருக்குத்தான் என்பது மற்றொன்று. பேட்டரி எப்படிக் கேமரா கம்பெனியின் சொத்தானது என்ற வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே நிற்காது. ஒளிப்படத் தொழிலில் பேட்டரி புழங்கிய காலத்தின் பெரும் பகுதியில் கேமராக்காரர்கள் போட்டது வேறு கம்பெனி பேட்டரிதான். கேமராவுக்கு அதன் கம்பெனியே பேட்டரி தரவேண்டும் என்ற நிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு; வியாபாரக் காரணம் ஒன்றும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே பேட்டரியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

முதலில் கேமராவுக்குப் பேட்டரியே தேவைப்படவில்லை. ஸ்டூடியோவின் கூரைக் கண்ணாடி வழியே வந்த வெயில்தான் விளக்கு. வெளியே இருட்டில் எடுக்க மக்னீசியப் பொடியைக் கொளுத்தினார்கள். 1929இல் ஜெர்மனியில் ஃபிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தபோதுதான் ஒளிப்படக்காரர் பேட்டரியைத் தேடிப் போனார். போனது டார்ச் லைட் விற்ற கடைக்கு. பத்திரிகைக்காரர்களின் அடையாளமாக இருந்த கிராஃப்லெக்ஸ் ஃபிளாஷின் கைப்பிடிக் குழலுக்குள் போனவை சாதாரண டார்ச் கட்டைகளே. டார்ச்சுக்கு ஆகும் அந்தப் பெரிய கட்டை 1898 முதல் அமெரிக்கச் சந்தையில் இருந்தது. பேனா டார்ச்சுக்கான சிறிய கட்டை 1907இல் வந்து, 1947இல் அங்கே முறைப்படி அளவு நிர்ணயிக்கப்பட்டது. விட்டம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, மேலே குமிழ், கீழே தட்டை என்று அளவு பொதுவாகிவிட்ட பிறகு, செய்பவர் யார் என்று சாதனம் கேட்காது. டார்ச் செய்தவர் ஒருவர், கட்டை செய்தவர் வேறொருவர், ரேடியோ செய்தவர் மூன்றாமவர். இந்தப் பிரிவினையில் யாருக்கும் உறுத்தல் இல்லை. கட்டை நீர்விட்டு டார்ச்சைக் கெடுத்தால் கட்டைக் கம்பெனியைத்தான் திட்டினார்கள்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்காரர்கள் வளர்ந்ததும் இந்தப் பொதுச் சந்தைக்குள்தான். வதோதராவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III கேமராவுக்குப் பேட்டரி கிடையாது. பின்னாளில் கல்யாண வீடுகளில் மின்னிய மெட்ஸ் 45 வகை ஃபிளாஷ் ஆறு பென்டார்ச் கட்டைகளில் ஓடியது. அந்த ஆறு கட்டை எவரெடியாகவும் இருக்கலாம். ஜப்பானின் மட்சுஷிதா கூட்டுறவோடு 1972இல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, நெல்லூர் ஆலையில் உற்பத்தி செய்த இண்டோ நேஷனல் நிறுவனத்தின் நிப்போவாகவும் இருக்கலாம். ஃபிளாஷ் ஜெர்மனியில் பிறந்தது, கட்டை நெல்லூரில் பிறந்தது என்பதற்காக எந்தப் படமும் கெட்டுப்போகவில்லை. வீடியோ வந்த காலத்திலும் இதே நிலைதான் தொடர்ந்தது. தோளில் தூக்கிய முழு வி.எச்.எஸ். கேமராக்களுக்குப் போட்டது 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. வண்டி பேட்டரியின் அதே வேதியியல், மூடிய சிறு பெட்டிக்குள். அதைப் பல கம்பெனிகள் செய்தன. தேர்வுக்கு இருந்த அளவுகோல் ஒன்றே: எத்தனை நேரம் நிற்கிறது, எத்தனை மாதம் உழைக்கிறது.

கேமராவே மின்சாரத்தை நம்பத் தொடங்கிய பிறகும் பேட்டரி பொதுவாகவே இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கேமரா நுட்பமானதால்தான் தனி பேட்டரி வந்தது என்று பலர் நம்புகிறார்கள். 1976இல் வந்த கேனன் ஏஇ-1 கேமராவில் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே விழாது. அப்படியிருந்தும் அது கேட்டது சந்தையில் கிடைத்த 6 வோல்ட் பேட்டரியைத்தான். 1987இல் வந்த கேனன் இஓஎஸ் 650, மோட்டாரும் தானியங்கிக் குவியமும் கொண்ட முழு மின்னணுக் கேமரா. அதுவும் 2சிஆர்5 என்ற பொது அளவு லித்தியம் பேட்டரியில் ஓடியது. இதைவிடத் தெளிவான சான்று பாதரச பேட்டரியின் கதையில் இருக்கிறது. 1960களின் பல கேமராக்களின் ஒளிமானிகள் 1.35 வோல்ட் தரும் பாதரசப் பொத்தான் பேட்டரியை நம்பியிருந்தன. பாதரசம் மண்ணையும் நீரையும் கெடுக்கிறது என்று 1990களில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதைத் தடுத்தபோது, அந்தக் கேமராக்களைச் செய்த கம்பெனிகள் பெரும்பாலும் முன்வந்து மாற்றுத் தரவில்லை. காற்றும் துத்தநாகமும் கொண்டு கிட்டத்தட்ட அதே வோல்ட் தரும் பொத்தான் பேட்டரியைச் செய்து கொடுத்தது வெய்ன் என்ற வேறொரு பெயர். நல்ல கேமராக்கள் பல இன்றும் உயிரோடிருப்பதற்கு வேறு கம்பெனிகளே காரணம்.

டிஜிட்டல் கேமராவும் பொதுக் கட்டையோடுதான் தொடங்கியது. 1994இன் ஆப்பிள் குவிக்டேக் 100 மூன்று பென்டார்ச் கட்டைகளில் ஓடியது; 1999இன் நிக்கான் கூல்பிக்ஸ் 950 நான்கில் ஓடியது. லென்ஸ் மாற்றும் கேமராவுக்கு இது ஆகாது என்றும் சொல்ல முடியாது. 2006இல் வந்த பென்டாக்ஸ் கே100டி நான்கு கட்டைகளில் நன்றாகவே வேலை செய்தது. மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. 1991இல் சோனி லித்தியம்-அயனி பேட்டரியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது; விரைவில் அது ஹேண்டிகேமில் ஏறி உட்கார்ந்தது. குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றுத் தந்த இந்த பேட்டரி, எடைக்கு எடை பழைய ரீசார்ஜ் பேட்டரிகளைவிட அதிக சக்தி தாங்கியது. ஆனால் அது கோபக்காரச் சரக்கு. ஒரு செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும். வாயு சேரும், சூடேறும், உள்ளிருக்கும் கரைப்பான் தீப்பற்றும். ஓர் அளவுக்குக் கீழே வடித்துவிட்டால் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. ஆகவே மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கண்காணித்துத் தக்க நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சுற்று ஒன்றைச் செல்லோடு சேர்த்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி விற்றாக வேண்டும். வெப்பநிலையைச் சொல்ல இன்னொரு முனையும் தேவை. தனிப் பெட்டிக்கான நியாயமான காரணம் இதுதான். உள்ளே இருப்பதெல்லாம் ஒன்று என்று சொல்லும் கட்சி தோற்பதும் இங்கேதான். செல்லின் தரமும் காப்புச் சுற்றின் தரமும் வெளியே தெரியாது. அவற்றில் குறை வைத்தால் விளைவு சார்ஜ் நிற்காமல் போவதோடு முடியாது.

ஆனால் பெட்டி தேவை என்பதிலிருந்து, அந்தப் பெட்டி ஒவ்வொரு கேமராவுக்கும் ஒவ்வொரு வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது வராது. காப்புச் சுற்று உள்ள பெட்டிக்கும் பொது அளவு வகுத்திருக்கலாம்; கேமரா கம்பெனிகள் கூடி அப்படி ஒன்றை வகுக்கவில்லை. அதைவிட முக்கியம், காப்புச் சுற்று செய்யும் வேலை வேறு. பேட்டரி தன் கம்பெனியுடையதுதானா என்று கேமரா விசாரிக்கும் வேலை வேறு. முதலாவது வாங்கியவரைக் காக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் விற்றவரைக் காக்கிறது. 2009 ஜூனில் பானாசோனிக் தன் கேமராக்கள் பலவற்றுக்கு ஒரு மென்பொருள் புதுப்பிப்பை வெளியிட்டது. பாதுகாப்பு காரணம் சொல்லி, வேறு கம்பெனி பேட்டரிகளை அது நிராகரித்தது. 2013இல் நிக்கானின் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு, அதன் இஎன்-இஎல்14 பேட்டரியின் இடத்தில் போட்ட வேறு கம்பெனி பேட்டரிகள் பல வேலை செய்யாமல் நின்றன. நேற்றுவரை நன்றாக ஓடிய பேட்டரி, புதுப்பிப்பு போட்ட மறுநிமிடம் கழிவாகிவிட்டது. அதன் வேதியியலில் அதற்குள் எந்த மாற்றமும் நேரவில்லை. மோசமான பேட்டரியை அடையாளம் காண்பதுதான் நோக்கமென்றால் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து நிறுத்தலாம். பெயரைக் கேட்டு நிறுத்துவது, நல்லதையும் கெட்டதையும் ஒரே வாசலில் தடுப்பதாகும். எச்சரிக்கை காட்டி, முடிவை உடையவரிடமே விடும் கேமராக்களும் உண்டு. அது நேர்மையான வழி.

பொது அளவு இல்லாத இடத்தில் சந்தை தானே ஒரு பொது அளவை உண்டாக்கிக்கொள்ளும் என்பதற்கு என்பி-எஃப் பேட்டரி நல்ல சான்று. 1990களில் சோனி தன் வீடியோ கேமராக்களுக்காகச் செய்த வடிவம் அது. மினி டிவி (MiniDV) கேசட் காலத்தில் கல்யாண வீடியோக்காரர்களிடம் பரவிய பிடி150, பிடி170 கேமராக்கள் அதில்தான் ஓடின. வேறு கம்பெனிகள் அதே அளவில் பேட்டரி செய்தன. பிறகு எல்இடி விளக்கு செய்தவர்களும் மானிட்டர் செய்தவர்களும், ஏற்கெனவே எல்லோர் பையிலும் இருக்கும் பேட்டரி இதுதானே என்று அதே காடியைத் தங்கள் சாதனங்களில் வைத்தார்கள். சோனியின் சிறிய கேமராக்கள் வேறு வடிவங்களுக்கு நகர்ந்த பின்னும் என்பி-எஃப் வாழ்கிறது. இன்று மணமேடையைச் சுற்றி நிற்கும் எல்இடி விளக்குகளில் பலவற்றின் முதுகைப் பார்த்தால் அந்தக் காடி தெரியும். பெரிய கேமராக்களுக்கான வி-மவுண்ட் பேட்டரியின் கதையும் இதேதான்: தொடங்கியது சோனி, இன்று செய்பவர்கள் பலர். நிர்ணயக் குழு எதுவும் கூடிப் பேசி இவற்றைப் பொதுவாக்கவில்லை. வேறு கம்பெனிகள் செய்யச் செய்யப் பொதுவானது. டார்ச் கட்டைக் காலத்தில் அளவை வகுத்தது நிர்ணயக் குழு. இந்தக் காலத்தில் அந்த வேலையைச் செய்திருப்பது, ஒரிஜினல்காரர்கள் குறைத்துப் பேசும் இந்த மாற்று பேட்டரிக்காரர்கள்தான். பேட்டரியிலேயே யுஎஸ்பி-சி துளை வைத்து, தனிச் சார்ஜர் இல்லாமல் கார் சார்ஜரிலோ பவர் பேங்கிலோ ஏற்றும் வசதியைப் பரப்பியதும் இவர்கள்தான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவதும் வலுவானதும் பாதுகாப்பு. தீப்பற்றக்கூடிய சரக்கில் சிக்கனம் பார்க்கலாமா என்று கேட்பது முற்றிலும் நியாயம். ஆனால் வரலாறு காட்டுவது என்ன? 2006இல் சோனி செய்த லித்தியம்-அயனி செல்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்துபோனதால், டெல் 41 லட்சம், ஆப்பிள் 18 லட்சம் என்று மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்ப வாங்க நேர்ந்தது. அந்த வேதியியலை உலகுக்கு முதலில் விற்ற கம்பெனியே சறுக்கிய இடம் அது. நிக்கான் 2005இல் இஎன்-இஎல்3 பேட்டரிகளையும், 2012இல் இஎன்-இஎல்15 பேட்டரிகளில் குறிப்பிட்ட தொகுதிகளையும் திரும்ப அழைத்தது. ஆக, ஒரிஜினல் என்ற சொல் விபத்தைத் தடுக்கும் மந்திரமாகாது. இதைச் சொல்லிவிட்டு, அப்படியென்றால் எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று முடித்துவிடவும் முடியாது. அந்த நிகழ்வுகளில் கவனிக்க வேண்டியது, தவறு நடந்ததைவிடத் தவறு நடந்தபின் நடந்தது. ஒவ்வொரு பேட்டரியிலும் தொகுதி எண் இருந்தது. எந்த எண் ஆபத்தானது என்று அறிவிக்க முடிந்தது. கொண்டுவந்தவருக்கு வேறு பேட்டரி கொடுக்க ஒரு முகவரி இருந்தது. பாதுகாப்பின் உண்மையான ஆதாரம் இந்தப் பொறுப்பேற்பு. அதை ஒரு கேமரா கம்பெனியும் தரலாம், ஒரு மாற்று பேட்டரிக் கம்பெனியும் தரலாம். தரவே முடியாதவர் ஒருவர் உண்டு: கேனன் என்றோ சோனி என்றோ பிறர் பெயரை அச்சிட்டு விற்கும் கள்ளச் சரக்குக்காரர். தன் பெயரில் விற்கும் மாற்று பேட்டரியையும் பிறர் பெயரில் விற்கும் போலியையும் டூப்ளிகேட் என்ற ஒரே பெட்டியில் போடுவதால்தான் தேர்வு குழம்புகிறது. சட்டத்துக்கும் அறத்துக்கும் முன்னால் இரண்டும் வெவ்வேறு. விலை மலிந்த ஒரிஜினலைவிட, விலாசம் உள்ள மாற்று எப்போதும் மேல்.

பெயருக்கும் பொறுப்புக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து 20 கிலோமீட்டர் அளவே உள்ள சிவகாசிக்குப் போனால் போதும். தீப்பெட்டி என்றாலே சுவீடன், ஜப்பான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி ஏறியது. சுவீடன் கம்பெனி அந்த வரிச் சுவருக்குள்ளேயே 1923இல் விம்கோவைத் தொடங்கியது. அதே ஆண்டுகளில் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இங்கே தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டார்கள். எந்திர ஆலையின் சரக்கும் கைத்தொழில் சரக்கும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. குச்சி சரியாகப் பற்றுகிறதா, மழைக்காலத்தில் நமுத்துப்போகிறதா என்று பார்த்து, பிடித்த லேபிளைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள் மக்கள். தீயோடு புழங்கும் ஒரு பொருளில் பெரிய கம்பெனிக்கு வெளியே நம்பிக்கை வளர முடியும் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி. ஆனால் அந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது வரலாறாகாது. மலிவின் ஒரு பகுதி பிள்ளைகளின் கூலியிலிருந்து வந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அதற்குப் பதிவாக நிற்கிறது. விலை குறைந்திருந்தால் எதைக் குறைத்ததால் குறைந்தது என்று கேட்க வேண்டும் என்பதே அதன் படிப்பினை. விளம்பரச் செலவும் கேமரா பெயரின் லாபமும் குறைந்ததால் பேட்டரி மலிந்திருந்தால் வரவேற்கலாம். பழைய மடிக்கணினி பேட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்த செல்களாலோ, காப்புச் சுற்றில் பிடித்த சிக்கனத்தாலோ மலிந்திருந்தால் அந்த லாபத்தை வாங்கியவர் பின்னால் வேறு வழியில் கட்டுவார்.

இரண்டாவது எதிர்வாதம், மாற்று பேட்டரிகள் சொல்லும் கணக்கு பொய் என்பது. பல பேட்டரிகளின் விஷயத்தில் இது உண்மை. அதைக் கண்டுபிடிக்க வரலாறே உதவும். கேனன் எல்பி-இ6 பேட்டரி 2008இல் 5டி மார்க் II கேமராவோடு வந்தபோது அதன் கொள்ளளவு 1800 மில்லி ஆம்பியர்-மணி. அதே வடிவம் 2014இல் 1865 ஆனது. 2020இல் ஆர்5 கேமராவோடு 2130 ஆனது. உலகத்தின் முன்னணிச் செல் தொழில்நுட்பம் எட்டக்கூடிய ஒரு கம்பெனி, 12 ஆண்டுகளில் அந்தப் பெட்டிக்குள் கூட்ட முடிந்தது 330தான். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருக்க அதே பெட்டியின் மேல் 3000 என்று யாராவது அச்சிட்டிருந்தால் அது அந்த இடத்தில் கொள்ளாத கணக்கு. ஒரிஜினலுக்குச் சற்றுக் குறைவான எண்ணை அச்சிட்டிருப்பவர் பெரும்பாலும் நேர்மையானவர். எண்ணை நம்பாமல் ஓட்டிப் பார்த்து அறியும் வழியும் உண்டு. அதுவும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கியது முதல் இந்த ஊர் நூற்பாலைகளோடு வாழ்கிறது. நூற்பு எந்திரத்தில் டிராவலர் போன்ற தேயும் உதிரிகளை எந்திரம் செய்த கம்பெனியிடமே வாங்க வேண்டும் என்று எந்த ஆலையும் சத்தியம் செய்ததில்லை. புதுச் சரக்கு வந்தால் முதலில் சில கதிர்களில் மட்டும் போட்டு, நூல் எத்தனை தடவை அறுகிறது என்று எண்ணிவிட்டுத்தான் மற்றவற்றுக்கு மாற்றுவார்கள். பேட்டரிக்கும் அதுவே முறை. வாங்கியவுடன் கேமராவைக் காணொளிப் பதிவில் வைத்து முழுச் சார்ஜிலிருந்து தீரும்வரை ஓடும் நேரத்தை ஒரிஜினலின் நேரத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உப்பியிருக்கிறதா, கேமராவிலிருந்து எடுக்கும்போது சிக்குகிறதா, சார்ஜில் கை பொறுக்காத சூடு வருகிறதா என்று கவனித்து, சந்தேகமானதை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். சோதிக்காத பேட்டரியை முகூர்த்தத்துக்கு எடுத்துப் போவது தவறு. அது ஒரிஜினலாக இருந்தாலும் தவறுதான்.

ஒரிஜினலாக இருந்தாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லித்தியம்-அயனி பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் முதுமை அடையும். பல ஆண்டுகள் கடை அலமாரியில் கிடந்த ஒரிஜினலைவிடப் போன மாதம் செய்த நல்ல மாற்று அதிக நேரம் நிற்கக்கூடும். இனி மூன்றாவது எதிர்வாதம். ஆராய்ச்சிக்குச் செலவிட்ட கேமரா கம்பெனிக்கு பேட்டரி லாபம் போய்ச் சேர்வதுதானே முறை என்று சிலர் கேட்கிறார்கள். கேமராவின் விலையிலேயே அந்த ஆராய்ச்சிக்கான கூலி இருக்கிறது. அதற்கு மேலும் ஒரு காலம் வரை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனியே கடையைக் கட்டிவிட்டால்? கோனிகா மினோல்டா 2006இல் கேமரா தொழிலை விட்டது. கோடாக் 2012இல் டிஜிட்டல் கேமராவைக் கைவிட்டது. சாம்சங்கும் லென்ஸ் மாற்றும் கேமராவில் இறங்கி, சில ஆண்டுகளில் விலகிக்கொண்டது. அவர்களை நம்பி வாங்கியவர்களின் கையில் இன்னும் நல்ல கேமராக்கள் இருக்கின்றன. பாதரச பேட்டரி மறைந்தபோது நடந்ததுதான் இங்கும் நடக்கிறது: அந்தக் கேமராக்கள் ஓடுவதும் நிற்பதும் மாற்று பேட்டரிக்காரர்கள் கையில் இருக்கிறது. பெயரைக் கேட்டுத் தடுக்கும் பூட்டு எல்லாக் கேமராக்களிலும் இருந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். கேமரா வாங்கியவர் கேமராவுக்குத்தான் உடையவர்; கம்பெனியின் ஆயுளுக்கு அவர் பிணையாளி அல்லர்.

சட்டங்களும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது. பொருந்தக்கூடிய வேறு பேட்டரியை மென்பொருள் கொண்டு தடுக்கக் கூடாது என்றும் அது வெளிப்படையாகச் சொல்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்ப்பு உரிமைக்கான குழுவை அமைத்தது. தரத்தைப் பொறுத்தவரை நம்மிடம் கருவி ஏற்கெனவே இருக்கிறது. 2012இல் தொடங்கிய கட்டாயப் பதிவு முறைக்குள் கையடக்கச் சாதனங்களின் ரீசார்ஜ் பேட்டரிகளும் பின்னர் கொண்டுவரப்பட்டன. ஐஎஸ் 16046 என்ற தரக் குறியீடும், ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பேட்டரியில் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் யாருடையது என்று தெரியும். பொட்டலத்தின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. இவை இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

ஆனால் பதிவு எண் பாதுகாப்பைத்தான் சொல்லும். எத்தனை நேரம் நிற்கும் என்பதைச் சொல்லாது. அந்தத் தகவல் இன்று ஒவ்வொரு ஒளிப்படக்காரரின் தலைக்குள்ளும் தனித்தனியாகக் கிடக்கிறது; ஒருவர் பணம் கொடுத்துக் கற்றதை அடுத்தவரும் பணம் கொடுத்தே கற்கிறார். இதை மாற்றுவது பெரிய வேலை அல்ல. கிருஷ்ணன்கோவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது. இராஜபாளையத்தில் பாலிடெக்னிக் இருக்கிறது. பேட்டரியைக் குறிப்பிட்ட மின்னோட்டத்தில் வடித்து அதன் உண்மைக் கொள்ளளவை அளக்கும் கருவி எந்த மின்னியல் ஆய்வுக்கூடத்திலும் அமைக்கக்கூடியதே. ஊர் ஒளிப்பட, வீடியோக் கலைஞர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு முறை சந்தையிலிருந்து சாதாரண வாடிக்கையாளராக பேட்டரிகளை வாங்கிக் கொடுத்து, மாணவர்கள் அளந்த முடிவைப் பெயரோடும் தொகுதி எண்ணோடும் வெளியிட்டால், நல்ல மாற்றுக்காரருக்கு மரியாதை கூடும். பொய்க் கணக்குக்காரர் சந்தையை விட்டுப் போவார். ஒரிஜினல்காரரும் தன் விலைக்குக் காரணம் சொல்ல வேண்டிவரும். டார்ச் கட்டைக் காலத்தில் வாங்குபவருக்கு இருந்த அதிகாரம், பேட்டரியைத் தனிப் பெட்டிக்குள் மூடியபோது கைநழுவியது. கூட்டாகச் சோதித்து முடிவை எல்லோர் முன்னும் வைப்பதன் மூலம் அதை மீட்க முடியும். அதைச் செய்ய வேண்டியவர்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்களே.